அடியெடுத்துக் கொடுத்தவர்: பீட் சீகர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, இரண்டு வாரங்களாக அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். வெளிப்படையாகச் சொல்வதென்றால் ஏமாற்றமே மிஞ்சியது. குரல் மெலிந்தது, அதில் கனமும் இல்லை, நுணுக்கமும் இல்லை. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாடல்களில் பல அவர் இயற்றியவையும் அல்ல. போதாததற்கு, ஸ்டாலின் காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். அரசியலை நீக்கிவிட்டுப் பார்த்தால், கலைஞர் என்ற வகையில் அவரிடம் என்ன எஞ்சும்?

ரா.

அன்புள்ள ரா.,

இரண்டு வாரங்கள் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்பதால் உங்கள் கேள்வியை மதிக்கிறேன். நீங்கள் சொல்லும் குறைகளில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால், அரசியலை நீக்கிவிட்டு அவருடைய கலையை மட்டும் எடுத்துப் பார்க்க முடியும் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு பாட்டைப் பிறர் வாயில் ஏற்றிவிடுவதே சீகரின் கலையாக இருந்தது. ஒரு வரியைக் கூட்டம் பாடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வரியின் சொற்களைப் பேச்சுபோல வேகமாகச் சொல்லிவிடுவார். கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும். அடியெடுத்துக் கொடுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதை அவர் எழுபது ஆண்டுகள் செய்தார்.

அவர் 1919இல் நியூயார்க்கில், ஏட்டில் எழுதிய இசை நிரம்பிய வீட்டில் பிறந்தவர். தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர்; தாய் வயலின் கலைஞர். 1936இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த நாட்டார் இசை விழாவில்தான் ஐந்து தந்தி பாஞ்சோவின் ஒலி அந்த இளைஞரைப் பற்றிக்கொண்டது. ஹார்வர்டு படிப்பை 1938இல் பாதியில் விட்டார். பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் பாடல் காப்பகத்தில் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸின்கீழ் வேலை செய்தபோது, எளிய மக்கள் பாடிய பதிவுகளைக் கேட்டுத் தரம் பிரித்தார். அந்தக் குரல்களில் பெரும்பாலானவை மேடைக்காகப் பயின்றவை அல்ல. பாட்டுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் அங்கேதான் கற்றார் என்று நினைக்கிறேன். 1940இல் நாட்டார் பாடகரும் பாடலாசிரியருமான உடி கத்ரியைச் சந்தித்து அவரோடு ஊர் சுற்றியது அந்தப் பாடத்தின் அடுத்த பகுதி.

'அவர் இயற்றியவை அல்ல' என்கிறீர்கள். 'வி ஷால் ஓவர்கம்' ('நாம் வெல்வோம்') பாடலையே எடுத்துக்கொள்வோம். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த அதை, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1945-46இல் வேலைநிறுத்தம் செய்த புகையிலை ஆலைப் பெண்கள் மறியலில் பாடினார்கள். அவர்களிடமிருந்து டென்னசியில் தொழிலாளர்களுக்கும் சமூக இயக்கத்தினருக்கும் பயிற்சி அளித்த ஹைலேண்டர் பள்ளியின் ஸில்ஃபியா ஹார்ட்டன் கற்றார். 1947இல் அவரிடமிருந்து சீகர் கற்றார். அப்போது அந்த வரி 'வில்' என்றிருந்தது. அது 'ஷால்' ஆனது. மாற்றியது தானாகவும் இருக்கலாம், ஹைலேண்டரைச் சேர்ந்த செப்டிமா கிளார்க்காகவும் இருக்கலாம் என்று சீகரே சொல்லியிருக்கிறார். தனக்கு 'ஷால்' பிடித்ததற்கு அவர் சொன்ன காரணம், அந்தச் சொல்லில் வாய் நன்றாகத் திறக்கிறது என்பதுதான். நம் இலக்கணத்தார் அங்காப்பு என்று சொல்வது இதைத்தானே? ஆயிரம் பேர் கைகோத்து நின்று பாடும்போது வாயை ஒடுக்கும் இகரத்தைவிட வாயைத் திறக்கும் ஒலி எவ்வளவு பொருந்தும் என்று பாடிப் பாருங்கள். அவருடைய நுணுக்கம் இத்தகைய இடங்களில் இருக்கிறது. 1957இல் ஹைலேண்டரின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் சீகர் அதைப் பாடக் கேட்ட மார்ட்டின் லூதர் கிங், அங்கிருந்து காரில் செல்லும்போது அந்தப் பாட்டு மனத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றாராம். அதன் உரிமைத்தொகையைச் சீகரும் உடனிருந்தவர்களும் தமக்கென்று எடுத்துக்கொள்ளாமல், ஹைலேண்டர் வழியாகத் தென் மாநிலக் கறுப்பின மக்களின் பணிகளுக்குச் செல்லும்படி எழுதிவைத்தார்கள்.

எல்லாப் பாட்டிலும் இப்படி நேர்ந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் பதிவுசெய்த பாட்டை இசைத்தட்டில் கேட்டு, அதன் ஸூலுச் சொல்லைத் தவறாகக் காதில் வாங்கி, 'விமோவே' என்று பாடிப் பரப்பியவர் சீகர். லிண்டாவுக்குப் பணம் அனுப்பும்படி அவர் பதிப்பாளர்களிடம் சொன்னது உண்மை. அது ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று தொடர்ந்து பார்க்காததும் உண்மை. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். சீகரை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

அரசியலுக்கு வருகிறேன். 1941இல் அவருடைய அல்மனாக் பாடகர் குழு, போர் வேண்டாம் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சாடும் பாடல்களை வெளியிட்டது. அந்த ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கியதும் அந்த இசைத்தட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. குழு போரை ஆதரித்துப் பாடத் தொடங்கியது. கட்சி திரும்பிய பக்கமெல்லாம் பாட்டும் திரும்பிய காலம் அது, அதை நியாயப்படுத்த என்னால் இயலாது. அவர் 1950 வாக்கில் கட்சியிலிருந்து விலகினார். பின்னாளில் ஸ்டாலினின் கொடுமையைக் காணத் தவறியதற்கு வருந்தி எழுதினார். எண்பத்தெட்டு வயதில் ஸ்டாலினைச் சாடி ஒரு பாட்டும் இயற்றினார். தாமதம்தான், ஆனால் செய்தார்.

அதே அரசியலுக்காக அவர் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். 1949 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் அருகே, இடதுசாரிக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனின் இசை நிகழ்ச்சி முடிந்து திரும்பியவர்களின் வண்டிகள்மீது கும்பல் கல்லெறிந்தது. மனைவி, குழந்தைகளோடு சீகர் ஓட்டிவந்த காரின் கண்ணாடிகள் நொறுங்கின. காருக்குள் விழுந்த கற்களில் சிலவற்றை அவர் எடுத்துவைத்து, ஹட்சன் ஆற்றங்கரையில் தன் கையால் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் புகைபோக்கியில் பதித்தார்.

மறு ஆண்டு அவருடைய வீவர்ஸ் குழுவின் பாட்டு பதின்மூன்று வாரம் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில், இடதுசாரிகள் எனப்பட்டவர்களுக்கு வேலை மறுத்த கறுப்புப் பட்டியல் அந்தக் குழுவைக் கலைத்தது. 1955 ஆகஸ்ட் 18 அன்று கம்யூனிஸ்ட் தொடர்புகளைத் துருவிய நாடாளுமன்ற விசாரணைக் குழுமுன் நிறுத்தப்பட்டபோது, தன்மீதே குற்றம் சுமத்திக்கொள்ளாதிருக்கும் உரிமையைக் காட்டிப் பாதுகாப்பாக ஒதுங்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. தன் நம்பிக்கைகளையும் வாக்களிப்பையும் பற்றி இவ்வாறு வற்புறுத்திக் கேட்பதே தகாதது என்றார்; எந்தப் பாட்டைப் பற்றியும் பேசுகிறேன், பாடியும் காட்டுகிறேன் என்றார். குழு அதை விரும்பவில்லை. அவமதிப்பு வழக்கில் 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 1962இல் மேல்முறையீட்டில் அது நீங்கியது.

தொலைக்காட்சி அவருக்குக் கதவை மூடிய அந்த ஆண்டுகளில் அவர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கோடை முகாம்களிலும் சொற்பக் கூலிக்குப் பாடினார். 1954இல் அப்படியொரு நிகழ்ச்சிக்குப் போன பதின்மூன்று வயதுச் சிறுமிதான் பின்னாளில் புகழ்பெற்ற நாட்டார் பாடகி ஜோன் பயஸ். பெரிய அரங்குகளை மூடியவர்கள் அவரை அடுத்த தலைமுறையின் வகுப்பறைக்கே அனுப்பிவைத்தார்கள். இந்தக் காலம் முழுவதும் கணக்கையும் பயணத்தையும் குடும்பத்தையும் சுமந்தவர் அவருடைய மனைவி தோஷி. அவரைப் பற்றி இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை. 1969இல் அசுத்தமான ஹட்சன் ஆற்றைக் காக்க 'கிளியர்வாட்டர்' என்ற பாய்மரக் கப்பலைக் கட்டி ஓட்டியபோதும் அவரது முறை மாறவில்லை. கரையோர மக்களைக் கப்பலில் ஏற்றி, பாடவைத்து, ஆற்றைப் பார்க்கவைத்தார்.

2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்பதற்கு இரு நாள்முன், லிங்கன் நினைவகத்தின் படிகளில் அவர் நின்றார். வயது 89, நீங்கள் குறைகூறும் அந்த மெலிந்த குரலும் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. பக்கத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் தன் பேரனும் நிற்க, கத்ரியின் 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாட்டை, வழக்கமாக விட்டுவிடப்படும் அடிகளோடு, தனியார் நிலத்தின் தடைப் பலகையைப் பற்றியதையும் சேர்த்து, ஒவ்வொரு வரியாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார். திரண்டிருந்த பெருங்கூட்டம் பாடியது.

இன்னும் ஒருமுறை கேட்க மனமிருந்தால், தனியறையில் பதிவான தட்டுகளை ஒதுக்கிவிட்டு, 1963 ஜூன் 8 அன்று கார்னகி ஹாலில் நடந்த நிகழ்ச்சியின் பதிவிலிருந்து தொடங்குங்கள். காதை மேடைப் பக்கம் வைக்காமல் பார்வையாளர் பக்கம் வையுங்கள். கேட்டுவிட்டு மீண்டும் எழுதுங்கள்.