சிரித்த முகம்தான் விசுவாசமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பக்கவாதம் வந்த அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்கும் போகிறேன். காலையில் கண் விழிக்கும்போதே எரிச்சல்தான். ஞாயிறு ஆராதனையில் “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்ற வசனத்தைக் கேட்டால், எனக்கு விசுவாசமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. மனநிலையை எப்படி மாற்றிக்கொள்வது?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். நீங்கள் கேட்ட வசனம் பிலிப்பியர் நிருபம் 4ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதை எழுதும்போது பவுல் காவலில் இருந்தார். உடன் ஊழியரான எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்ததைச் சொல்லும் இடத்தில், “துக்கத்தின்மேல் துக்கம்” தனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார் (2:27). அடுத்த அதிகாரத்தில் கண்ணீரோடு பேசுகிறார் (3:18). சந்தோஷத்தைப் பற்றி அதிகம் பேசும் நிருபத்துக்குள்ளேயே இத்தனை துக்கம் இருக்கும்போது, நீங்கள் மட்டும் ஏன் அதை மறைக்க வேண்டும்?

ஆனால் துக்கத்திலேயே நின்றுவிடவும் வேதம் சொல்வதில்லை. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 13ஆம் சங்கீதம். மொத்தம் ஆறே வசனங்கள். முதல் இரண்டும் முறையீடு; “எதுவரைக்கும்” என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். அடுத்த இரண்டும் விண்ணப்பம். கடைசி இரண்டும் நம்பிக்கை: “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.” இந்த வரிசையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். முறையீட்டுக்கு இரண்டு மூன்று வரி, விண்ணப்பத்துக்கு ஒரு வரி, நம்பிக்கைக்கு ஒரு வரி.

முறையீட்டை மழுப்பாமல் எழுத வேண்டும். “கஷ்டமாக இருக்கிறது ஆண்டவரே” என்று எழுதினால் மனம் இளகாது. “ராத்திரி மூன்று தடவை எழுந்தேன், தம்பி இந்த மாதம் ஒரு நாள்கூட வரவில்லை” என்று எழுதுங்கள். விண்ணப்பமும் அப்படித்தான். “பெலன் தாரும்” என்று மட்டும் கேட்காமல், “தம்பியிடம் கோபப்படாமல் பேச இன்று வார்த்தை தாரும்” என்று கேளுங்கள்.

இதில் இரண்டு இடங்களில் சறுக்கல் வரும். முறையீட்டைத் தாண்டி நேரே நம்பிக்கைக்குப் போனால் அது ஒப்புக்குச் சொன்ன வார்த்தையாகி, மத்தியானத்துக்குள் எரிச்சல் திரும்பிவிடும். முறையீட்டோடு நோட்டை மூடிவிட்டால், அதே புண்ணைத் தினமும் கிளறியதாகும். எந்த நாளிலாவது நம்பிக்கை வரி வராவிட்டால், தாவீதின் வரியையே பார்த்து எழுதுங்கள். அந்த வேளையில் மனதில் அது உணர்வாக எழாவிட்டாலும் பரவாயில்லை.

ஸ்தோத்திரத்தை இதற்குப் பின்னால் வையுங்கள். தினமும் மூன்று காரியம் போதும், ஆனால் நேற்று எழுதியது இன்று வரக்கூடாது. “குடும்பம், சுகம், வேலை” என்று எழுத ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் கை எழுதும், மனம் எங்கோ இருக்கும். அம்மா இன்று கஞ்சியை முழுவதும் குடித்தார், பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) சக்கர நாற்காலிக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டார் என்று நடந்ததை எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் எரிச்சலில் ஒரு பங்கு வெறும் களைப்பு. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. அவர் சாப்பிட்டுத் தூங்கினார்; தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான். ஆகவே ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 எண்ணை அழைத்து, முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் பற்றியும் பராமரிப்பாளருக்கான ஓய்வுச் சேவை பற்றியும் விசாரியுங்கள். உதவி கேட்பதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான்.

கேள்வி: என் கணவருக்கு ஆட்குறைப்பில் வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. “எல்லாம் நன்மைக்கே, பாசிட்டிவாக இருங்கள்” என்று சபையார் சொன்னால் அவர் முகம் இறுகிவிடுகிறது. நான் என்ன சொல்லி அவரைத் தேற்றுவது?
– வாசகி, சுவா சூ காங்

பதில்: கொஞ்ச நாளைக்கு எதுவும் சொல்லாமல் இருங்கள். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போன்றவன் என்கிறது நீதிமொழிகள் 25:20. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28 மெய்யான வசனம். ஆனால் அது அடிபட்டவர் தாமாகப் பற்றிக்கொள்ள வேண்டிய வசனம். அடுத்தவர் நீட்டினால், “உன் வலி பெரிதல்ல” என்பதுபோல் காதில் விழும்.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தினமும் சாயங்காலம் “ஏதாவது பதில் வந்ததா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டுக் கடன், மளிகை, சேமிப்பு, விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசுங்கள். மற்ற நாளில் அந்தப் பேச்சு வேண்டாம். வேலை தேடுவதைக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்று அவர் வைத்துக்கொள்ளட்டும். நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், பதில் வராத ஒவ்வொரு மணியும் ஒரு நிராகரிப்பாகவே படும். மத்தியானத்தில் பிறருக்குப் பயன்படும் வேலை ஒன்று இருக்கட்டும். சபையில் கணக்கு, ஒலிபெருக்கி, சமையல் என்று எதிலாவது ஆள் தேவைப்படும்.

2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில், தகுதி பெறுவோருக்கு ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். விண்ணப்பிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் அது மனப்பான்மைப் பிரச்சினை அல்ல, மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரை விடுவதுபோல் ஒரு வார்த்தை பேசினாலும் அவரைத் தனியே விடாமல், உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழையுங்கள்; ஆபத்து கண்ணெதிரே இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995. ஜெபம் பண்ணிப் பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அழைத்துக்கொண்டே ஜெபியுங்கள்.

கேள்வி: மதியச் சாப்பாட்டு மேசையில் மேலாளரைப் பற்றிக் குறை சொல்வதுதான் எங்கள் பேச்சு. எழுந்து போனால் பெருமைக்காரன் என்பார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், ஜூரோங்

பதில்: எழுந்து போகாதீர்கள், போதனையும் செய்யாதீர்கள். குறையில் உண்மை இருந்தால் ஒரு தடவை ஒத்துக்கொண்டு, “சரி, இதை யாரிடம் சொல்லலாம்?” என்று கேளுங்கள். சொல்ல ஆள் இருந்தால் நீங்களும் கூடப் போங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் பேச்சைத் திருப்பி, பிள்ளையின் தேர்வைப் பற்றியோ ஊருக்குப் போய் வந்ததைப் பற்றியோ கேளுங்கள். நல்ல கேள்வி ஒன்றைக் காலையிலேயே யோசித்து வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் திணற வேண்டியிருக்காது. வாரத்தில் ஒரு நாள் வேறு மேசையில் தனியாகச் சாப்பிடும் புதிய ஊழியரோடு உட்காருங்கள்.