சீன வணிகர்களின் முத்திரை குத்திய பழைய வெள்ளி நாணயங்களைச் சேகரிக்கலாமா? முத்திரை இருந்தால் மதிப்புக் குறைந்துவிடாதா?

தாராளமாகச் சேகரிக்கலாம். கேள்வியில் நீங்கள் குறையாக நினைக்கும் அந்தக் குத்துகளுக்காகவே இந்த நாணயங்களை வாங்குகிறவன் நான். பளபளவென்று இருக்கும் ஓர் அமெரிக்க வர்த்தக டாலரையும் (சீனச் சந்தைக்கென்றே அமெரிக்கா அடித்த வெள்ளி நாணயம்) ஏழெட்டு முத்திரை விழுந்த ஒரு மெக்சிகோ வெள்ளியையும் முன்னால் வைத்து ஒன்றை எடுத்துக்கொள் என்றால், யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முத்திரை எப்படி விழுந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் தேயிலை, பட்டு, பீங்கான் வாங்க தென் சீனாவின் கேண்டன் துறைமுகத்துக்கு வந்த ஐரோப்பியர்களிடம் சீனர்களுக்குப் பிடித்த சரக்கு அதிகம் இல்லை. வெள்ளியைத்தான் கேட்டார்கள். அந்த வெள்ளி பெரும்பாலும் ஸ்பானிய அமெரிக்காவின் 8 ரியால் நாணயமாக வந்தது. மெக்சிகோ நகர நாணயச் சாலை 1732 முதல் அதை இயந்திரத்தில் அடித்தது. எடை 27 கிராமுக்குச் சற்று மேல், மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, ஏறக்குறைய 90 சதவீதம். மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய கப்பல்களிலும், ஐரோப்பாவிலிருந்து நேரே வந்த கப்பல்களிலும் இது மூட்டை மூட்டையாகக் கிழக்கே போனது.

சீனப் பேரரசு முழுவதற்கும் பொதுவான வெள்ளி நாணயம் அப்போது கிடையாது. சில்லறைக்குச் செப்புக் காசு, பெரிய கணக்குக்கு எடை போட்டுக் கொடுக்கும் வெள்ளிக் கட்டி, அவ்வளவுதான். அதனால் வெளிநாட்டு நாணயத்தில் எந்த அரசன் முகம் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் யாரும் நம்பிவிடவில்லை. கடையில் நாணயம் பார்ப்பதற்கென்றே ஒரு சராப்பு இருப்பார். தட்டி ஓசை கேட்பார், எடை பார்ப்பார், நிறம் பார்ப்பார். திருப்தியானால் கடையின் சின்ன எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. 'நான் பார்த்துவிட்டேன், இது நல்ல வெள்ளி, பிரச்சினை என்றால் என்னிடம் வா' என்பதுதான் அந்தத் தட்டு. அடுத்த கடைக்குப் போனால் அங்கே இன்னொரு தட்டு.

இப்படிக் கை மாறிக் கை மாறி முகமே தெரியாமல் போன நாணயங்கள் உண்டு. சில நாணயங்கள் அடி வாங்கி வாங்கிக் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். கடைசியில் அவை எடைக்குத்தான் போகும், உடையும், உருக்கிக் கட்டியாகும். இன்று நம் கைக்கு வருபவை அந்த உலைக்குத் தப்பியவை. இந்தக் குத்து வழக்கம் குவாங்டாங் போன்ற தெற்குப் பகுதிகளில்தான் அதிகம். ஷாங்காய் பக்கத்தில் குத்தில்லாத, சுத்தமான நாணயத்தையே விரும்பினார்கள். மையில் முத்திரை இடும் பழக்கமும் இருந்தது. மை அழிந்துவிடும் என்பதால், மை முத்திரையோடு ஒரு நாணயம் கிடைத்தால் விடாதீர்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, நம்பிக்கை எப்படி வேலை செய்தது என்பது. சீனர்கள் ஒரு நாணயத்துக்குப் பழகிவிட்டால் லேசில் மாற மாட்டார்கள். 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்று, அடுத்த சில ஆண்டுகளில் கழுகும் சுதந்திரத் தொப்பியும் போட்ட புது 8 ரியாலை அடித்தது. அதே எடை, அதே மாற்று. ஆனாலும் மூன்றாம், நான்காம் கார்லோஸ் மன்னர்களின் தலை போட்ட பழைய ஸ்பானிய நாணயத்துக்கு ஷாங்காயில் 1850கள் வரை கூடுதல் விலை கொடுத்தார்கள். ஒருவழியாகத் தொப்பி நாணயம் பழகியது. அப்புறம் 1869இல் மெக்சிகோ அரசு அதையும் மாற்றித் தராசுச் சின்னம் போட்ட பெசோவைக் கொண்டுவந்தது. வெள்ளியில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சீனச் சந்தை அதைத் தள்ளுபடி விலைக்குத்தான் எடுத்தது. ஒரு நாடு தன் நாணயத்தின் வடிவத்தைத் தூரதேசத்துச் சராப்புகளுக்காகத் திரும்ப மாற்றியது: 1873இல் தொப்பி மறுபடி வந்தது. அதனால் சீன முத்திரை விழுந்த தராசுப் பெசோ ஒன்று கண்ணில் பட்டால் என் கை தானாக நீளும். சந்தை முகம் சுளித்த நாணயத்தையும் யாரோ ஒருவர் சோதித்து, தன் பெயரை அடகு வைத்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவும் அதே 1873இல்தான் சீனச் சந்தைக்கென்றே வர்த்தக டாலரை அடித்தது. 420 கிரெய்ன் எடை, அதாவது 27.22 கிராம், 900 மாற்று (ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி) என்று நாணயத்திலேயே எழுதியிருக்கும். புழக்கத்துக்காக 1878 வரைதான் அடித்தார்கள். ஜப்பானும் 1875 முதல் 1877 வரை ஒரு வர்த்தக டாலர் அடித்துப் பார்த்தது. நமக்கு நெருக்கமானது 1895இல் தொடங்கிய பிரிட்டிஷ் வர்த்தக டாலர். ஹாங்காங்குக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் போன அந்த நாணயத்தில் பெரும்பகுதி பம்பாய் நாணயச் சாலையில் அடித்தது. நின்றிருக்கும் பிரிட்டானியாவின் (பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த வடிவம்) திரிசூலத்தில், நடு முனையில் பொடி எழுத்தில் ஆங்கில 'பி' தெரிந்தால் அது பம்பாய். மறுபக்கம் சீன எழுத்தும், மலாய் மொழிக்கான ஜாவி எழுத்தும்.

சென்னைக்கும் இந்த ஸ்பானிய வெள்ளி வந்தது. 1807-08 காலத்தில் மதராஸ் ராஜதானி அடித்த அரைப் பகோடா (பகோடா அன்றைய தென்னிந்திய நாணயம்) வெள்ளி நாணயங்களில் பல, 8 ரியால் நாணயத்தின் மேலேயே அடித்தவை. கோபுரமும் நட்சத்திரங்களும் இருக்கும் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் அடியில் பழைய ஸ்பானிய அச்சின் மிச்சம் சிலவற்றில் தெரியும். அதே வெள்ளியை இங்கே அரசாங்கம் புதிதாக அச்சடித்தது, கேண்டனில் கடைக்காரர் ஒரு தட்டு தட்டினார்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? பலரும் அமெரிக்க வர்த்தக டாலரில் தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகத்திலேயே அதிகமாகப் போலி வரும் நாணயங்களில் அதுவும் ஒன்று. 1872 என்று ஆண்டு போட்ட 'வர்த்தக டாலர்' கூட விற்பனைக்கு வருகிறது, அந்த நாணயம் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே! 1879 முதல் 1885 வரை ஆண்டுள்ளவை சேகரிப்பாளர்களுக்காக மட்டும் கொஞ்சமாக அடித்தவை. அதில் சீன முத்திரையும் இருந்தால் கும்பிட்டு விலகிவிடுங்கள். மெக்சிகோ தொப்பி 8 ரியால் நல்ல தொடக்கம். பல ஊர் நாணயச் சாலைகள், பல ஆண்டுகள், நியாயமான விலை, முத்திரைகளும் விதவிதமாகக் கிடைக்கும்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன மின்னணுத் தராசு போதும். முதலில் எடை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முக்குங்கள். 27 கிராம் நல்ல வெள்ளி என்றால் தராசு 2.6 கிராம் அளவில் காட்டும். 3 கிராமைத் தாண்டினால் அது வேறு உலோகம். அடுத்து விளிம்பு. தலை போட்ட ஸ்பானிய நாணயத்திலும் தொப்பி நாணயத்திலும் விளிம்பைச் சுற்றி வட்டமும் செவ்வகமும் மாறி மாறி வரும். வார்ப்புப் போலியில் அங்கே ஒரு ஒட்டுக்கோடு தெரியும்.

நாணயம் அசலாக இருந்து முத்திரை மட்டும் புதிதாகவும் இருக்கலாம். லென்ஸ் வைத்துக் குழியின் ஓரத்தைப் பாருங்கள். பழைய குத்தின் ஓரத்தில் பிதுங்கிய உலோகம் புழங்கிப் புழங்கி மழுங்கியிருக்கும், குழிக்குள் கறுப்பு படிந்திருக்கும். சுற்றிலும் தேய்ந்து, குத்து மட்டும் கூர்மையாகப் பளிச்சிட்டால் நான் வாங்க மாட்டேன். எந்த முத்திரை எந்தக் கடையுடையது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. 'பெரிய', 'நேர்மை', 'மங்கலம்' போன்ற பொருள் தரும் ஒற்றை எழுத்துகள், பூ, ஸ்வஸ்திகம் எல்லாம் வரும். விற்பவர் இது இன்ன குடும்பத்தின் முத்திரை என்று கதை சொல்லி விலை ஏற்றினால் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். எளிதில் கிடைக்கும் ஆண்டுகளில் முத்திரையுள்ளது முத்திரையில்லாததைவிடக் குறைந்த விலைக்கே வரும். அதுதான் நமக்கு வசதி. முன்பு இவற்றைச் சேதமானவை என்று ஒதுக்கிய தரச்சான்று நிறுவனங்கள் இப்போது 'சாப் மார்க்' (இந்தக் குத்து முத்திரைக்கு ஆங்கிலப் பெயர்) என்று தனியாகக் குறித்துத் தரம் போட்டுக் கொடுக்கின்றன. அரிய ஆண்டில் அழகான முத்திரை இருந்தால் போட்டி போட்டு வாங்க ஆள் இருக்கிறார்கள்.

வாங்கியபின் தயவுசெய்து தேய்க்காதீர்கள். வீட்டு வெள்ளிப் பாத்திரத்துக்கு விபூதி போடும் கை இதற்கும் வரும், தடுத்துவிடுங்கள். குழியில் படிந்த கறுப்பு போனால் முத்திரை பழையது என்பதற்கான சாட்சியும் போய்விடும். பிவிசி உறையிலும் வைக்க வேண்டாம், பச்சையாகப் பிசுபிசுக்கும். இன்னொன்று: 100 ஆண்டுகளைத் தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். இந்தியாவிலிருந்து அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் பிறகு வெளியே விற்றுவிடலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.