மிலிட்டரிக்காரர் வீடு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றுதான் பெயர். தாத்தா இரண்டாம் உலகப்போரில் பெங்களூர் சாப்பர்ஸில் (மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படை) இருந்துவிட்டு 1946-ல் ஊர் திரும்பியவர். பென்ஷன் கிடையாது. அப்பா 1972-ல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றார். எழுபதைத் தாண்டிவிட்டார். அவர் இருக்கும்போதே குடும்ப வரலாற்றை எழுதிவிட ஆசை.

தாத்தாவுடைய டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டும் பர்மா ஸ்டார் பதக்கமும் மட்டும்தான் வீட்டில் இருக்கின்றன. அவர் நேதாஜி படையில் இருந்தார் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். அப்பாவோ வாயே திறப்பதில்லை. அதிலும் 1988-ல் இலங்கைக்குப் போனதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். ஒரே ஒரு தடவை “அங்கயும் நம்ம பாஷைதான்டா பேசினாங்க” என்றார், அவ்வளவுதான். இரண்டு பேரில் யாரும் வீர விருது வாங்கியவர்கள் இல்லை. இதை யார் படிப்பார்கள் என்று என் மனைவி கேட்கிறார். எழுதலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

எழுதுங்கள். விருது வாங்கியவர்களைப் பற்றி எழுத அரசாங்கம் இருக்கிறது. உங்கள் தாத்தாவின் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து கூட வந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பெரிய பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள். அவரைப் பற்றித் தேடினால் நாள், இடம், படைப்பிரிவு எல்லாம் கிடைக்கும். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். மீதிப் பேரைப் பற்றி அவரவர் வீட்டில்தான் கேட்க வேண்டும். உங்கள் மனைவிக்கு என் பதில்: முதலில் உங்கள் பிள்ளைகள் படிப்பார்கள், மற்றவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை சொல்லும் நேதாஜி கதையை முதலில் பார்த்துவிடுவோம். ஐஎன்ஏவில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தவர்களில் பெரும்பாலோரைப் பிரிட்டிஷ்காரர்கள் விசாரித்துப் படையிலிருந்து விலக்கினார்கள், சம்பள பாக்கியையும் பறித்தார்கள். அப்படி ஒருவர் கையில் பிரிட்டிஷ் பதக்கமான பர்மா ஸ்டாரைக் கொடுத்து அனுப்பியிருக்க வழியில்லை. சர்ட்டிபிகேட்டில் ‘கேரக்டர்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘எக்ஸம்ப்ளரி’ என்றோ ‘வெரி குட்’ என்றோ இருந்தால் உங்கள் தாத்தா கடைசிவரை பிரிட்டிஷ் இந்தியப் படையில்தான் இருந்தார். ஆனால் அத்தையின் கதையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1947-க்குப் பிறகு, ஊரெல்லாம் கதர் பேசிய காலத்தில், வெள்ளைக்காரன் படையிலிருந்து வந்தவரின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பதில் சொல்லத் தோன்றியிருக்கும்? அந்தக் கதை எப்போது, யார் வாயிலிருந்து தொடங்கியது என்று விசாரியுங்கள். எனக்கு அதுவும் வரலாறுதான்.

தாத்தா ஏன் சாப்பர்ஸில் சேர்ந்தார் என்பதற்கும் காரணம் உண்டு. போர் புரியும் இனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, தமிழனும் தெலுங்கனும் சண்டைக்கு லாயக்கில்லை என்று பிரிட்டிஷ் தளபதிகள் முடிவு செய்திருந்தார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு மதராஸ் காலாட்படைப் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் மதராஸ் பயனியர்கள் என்ற பிரிவையும் கலைத்தார்கள். 1780-ல் தொடங்கிய சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. பாலம் கட்ட, பாதை போட, கண்ணிவெடி எடுக்க ஆள் வேண்டுமே! ஹிட்லரும் ஜப்பானும் வந்த பிறகுதான் காலாட்படைக்கு மறுபடி தமிழன் தேவைப்பட்டான். ஆக, உங்கள் தாத்தா காலத்தில் நம் பக்கத்துப் பையனுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகக் குறைவு. அவர் எந்த வருடம் சேர்ந்தார் என்பது சர்ட்டிபிகேட்டில் இருக்கும். அந்த வருடம் உங்கள் ஊரில் மழை பெய்ததா, வீட்டில் நிலம் இருந்ததா, எத்தனை பிள்ளைகளில் இவர் எத்தனையாவது என்று விசாரித்தால், ஏன் சேர்ந்தார் என்பது தானாகத் தெரிந்துவிடும். தேசபக்தி என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள்.

நீங்கள் கடிதத்தில் தொடாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாப்பர்ஸில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் போனவர்கள் நிறைய. அம்பேத்கரின் அப்பாவும் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர்தான். பட்டாளத்தில் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள், மாதச் சம்பளத்தை மணியார்டரில் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று சொன்ன தெருவில் யூனிஃபார்மும் பூட்ஸுமாக நடந்து வந்தவர்கள் உண்டு. உங்கள் குடும்பம் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் பட்டாளத்துச் சம்பளம் வருவதற்கு முன்னால் அந்த வீடு ஊரில் எங்கே இருந்தது, வந்த பிறகு எங்கே வந்தது என்பதை எழுதாமல் விட்டால் பாதிக் கதை போய்விடும். பழைய பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துப் பாருங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு அரசு நிலம் ஒதுக்கிய ஊர்கள் உண்டு, உங்கள் ஊரிலும் ஒதுக்கியிருக்கலாம்.

ஆவணங்களுக்கு வருவோம். சர்ட்டிபிகேட்டில் இருக்கும் ரெஜிமெண்டல் நம்பரைக் குறிப்பிட்டு பெங்களூரில் உள்ள சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் ஆவணங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவது ராணுவத்தில் வழக்கம். தாத்தாவோடு போய்த் திரும்பாத உறவினர்களோ ஊர்க்காரர்களோ இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பர்மாவில் இறந்து கல்லறை இல்லாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன. அதில் தமிழ்ப் பெயர்களும் உண்டு, எழுத்துக்கூட்டல்தான் கண்டபடி இருக்கும்.

அப்பாவின் விஷயத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. அவரிடம் டிஸ்சார்ஜ் புக் இருக்கும், அலகாபாத்திலிருந்து வந்த பென்ஷன் ஆர்டர் இருக்கும். பதக்கங்களைத் துடைக்கும் சாக்கில் கையில் எடுங்கள். விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருப்பார்கள். சைன்ய சேவா பதக்கமாக இருந்தால் ரிப்பன் மேல் குத்தியிருக்கும் பட்டையில் ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா என்று இடமும் இருக்கும். விதேஷ் சேவா பதக்கம் இருந்தால் அது வெளிநாட்டுப் பணிக்கானது. அவர் வாய் திறக்காவிட்டாலும் எங்கெங்கே இருந்தார் என்பதன் எலும்புக்கூடு இதிலேயே கிடைத்துவிடும்.

மீதியை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு அதுதான் உறுத்தியது. வருடத்துக்கு இரண்டு மாத லீவு, அதுபோகக் கொஞ்சம் கேஷுவல் லீவ். இதில் டெல்லிக்கோ ஜம்முவுக்கோ போய்வர ரயிலிலேயே நாட்கள் கழியும். உங்கள் பிறந்த தேதியிலிருந்தும், கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் பிறந்த தேதியிலிருந்தும் பத்து மாதம் பின்னால் போய்ப் பாருங்கள், அப்பாவின் லீவுக் கணக்கு வந்துவிடும். (இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.) கடிதங்கள் ‘கேர் ஆஃப் 56 ஏபிஓ’ என்றோ ‘99 ஏபிஓ’ என்றோ வந்திருக்கும். ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம். அந்த முகவரியை வைத்து ஆள் பனிமலையில் இருக்கிறாரா பாலைவனத்தில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடே. மாமனார் மாமியாரோடு ஒரு வீட்டில், மணியார்டரை நம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தானே தூக்கிக்கொண்டு ஓடி, அந்த வருடங்களை ஓட்டியது அவர்தான். பிள்ளை பிறந்தால் பெயரைப் படைப்பிரிவுக்கு எழுதி ‘பார்ட் டூ ஆர்டர்’ போட வைக்க வேண்டும். அதில் ஓர் எழுத்து பிசகினால் பிற்காலத்தில் குடும்ப பென்ஷனுக்கு அலைய வேண்டியதுதான். உங்கள் அம்மா பெயர் ஆதாரிலும் பென்ஷன் ஆர்டரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? வரலாறு இருக்கட்டும், இதை இந்த வாரமே பாருங்கள்.

இலங்கை. 1987 ஜூலை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச் 24 அன்று முழுவதுமாகத் திரும்பியது. ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். மதராஸ் ரெஜிமெண்ட் பட்டாலியன்களும் போயிருந்தன. கடைசிக் கப்பல்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அங்கே தமிழ் மக்கள் பட்டதை நினைத்து இங்கே கொதித்துக்கொண்டிருந்தார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஜலந்தரிலிருந்து போன சிப்பாய் ஊருக்குத் திரும்பியதும் அது தூரத்துச் சண்டையாகிவிட்டது. உங்கள் அப்பா திரும்பி வந்தது டீக்கடையில் அதே பேச்சு நடந்துகொண்டிருந்த தமிழ்நாட்டுக்கு. அங்கே என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கேட்டு நச்சரிக்காதீர்கள். போன தேதி, வந்த தேதி, பட்டாலியன் பெயர், அப்புறம் அவர் சொன்ன அந்த ஒரு வரி, இவ்வளவையும் போட்டுவிட்டு அடுத்த வருடத்துக்குப் போய்விடுங்கள். அவர் சொல்லாததை நீங்கள் கற்பனை செய்து நிரப்பினால் அத்தை செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். அந்த வருடம் அம்மாவிடம் கடைத்தெருவில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று மட்டும் கேளுங்கள்.

அப்பாவிடம் பேச வேறு வழி இருக்கிறது. போரைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்பவர்கள், ரெக்ரூட் காலத்தைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார்கள். உடற்தகுதித் தேர்வில் யார் யார் தேறவில்லை, முதல் ஹிந்தி வார்த்தை எது, உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) எப்படித் திட்டினார், லங்கரில் சப்பாத்தி எப்படி இருந்தது என்று தொடங்குங்கள். முடிந்தால் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனுக்கே கூட்டிப் போங்கள், குன்னூர் பக்கத்தில்தானே இருக்கிறது. ஊட்டி பார்க்கலாம் என்று அம்மாவையும் சேர்த்துக் கிளப்புங்கள். உள்ளே போக அனுமதி வேண்டும், முன்னாள் ராணுவத்தினர் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு நீங்கள் கேள்வியே கேட்க வேண்டியிருக்காது. உங்கள் போனில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கட்டும், அவரிடம் சொல்லிவிட்டே ஓட விடுங்கள்.