கொப்பியின் கடைசிப் பக்கம்

வணக்கம் சேர்,

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். பத்தாம் தரத்தில் ஒரு பெடியன், போன தவணை வரை கலகலப்பாக இருந்தவன், இப்போது யாரோடும் பேச்சில்லை. கொப்பியின் கடைசிப் பக்கங்களில் வாளும் கத்தியுமாகக் கீறி வைத்திருக்கிறான். போன கிழமை இன்னொரு பிள்ளை என்னிடம் வந்து, “சோதினை முடியட்டும், ரெண்டு பேருக்குக் காட்டுறன் எண்டு சொன்னவன் ரீச்சர்” என்றது. மற்ற ஆசிரியர்கள் வயசுக் கோளாறு என்கிறார்கள். அதிபரிடம் சொன்னால் பொலிஸ் வரை போய்ப் பெடியனின் படிப்புக் கெட்டுவிடுமோ என்று பயம். ஆபத்தான பிள்ளையை எந்த அறிகுறிகளை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சருக்கு,

பாடசாலையைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு வரிகளை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம்.

நீங்கள் கேட்கும் பட்டியல் என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன். தனிமை, முரட்டுப் பேச்சு, தகப்பன் வெளிநாட்டில் என்று எழுதத் தொடங்கினால் எங்கள் ஊரில் பாதி வகுப்பு அதற்குள் வந்துவிடும். அமெரிக்காவில், ஜனாதிபதியைக் காக்கிற சீக்ரெட் சேர்விசும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பாடசாலைகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டார்கள். தாக்கிய 41 பேரில் நன்றாகப் படித்தவனும் இருந்தான், பெயிலானவனும் இருந்தான், கூட்டாளிகள் நிறைய உள்ளவனும் இருந்தான். இன்ன மாதிரிப் பிள்ளைதான் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஐந்தில் நான்கு சம்பவங்களில் யாரோ ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கூடப் படித்தவர்கள், கூட்டாளிகள், சகோதரங்கள்.

அதனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கத்திப் படம் இல்லை. தொண்ணூறுகளில் என்னிடம் படித்த பிள்ளைகளின் கொப்பி முழுக்க ஹெலியும் குண்டு போடுகிற ‘சகடை’ விமானமும்தான், அப்படிக் கீறித் தள்ளிய ஒருவன் இப்போது பல் வைத்தியன். உங்களிடம் வந்து சொன்ன அந்தப் பிள்ளைதான் முக்கியம். அது சொன்னதில் ஆள் இருக்கிறது, “ரெண்டு பேர்”. நாளும் இருக்கிறது, “சோதினை முடிய”. கோபத்தில் கத்துகிறவனிடம் இரண்டு நாள் கழித்துக் கேட்டால் அசடு வழிவான். ஆள், நாள், இடம், ஆயுதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டு போனால் அது வேறு விஷயம். அந்த இரண்டு பேர் யார், அவர்கள் இவனுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் அந்த 41 பேரில் பெரும்பாலானோர் தாங்கள் வதைக்கப்பட்டதாக உணர்ந்தவர்கள். இன்னொன்று, எங்கள் ஊரில் வாள் வீட்டுக் குசினியிலிருந்து வருவதில்லை, ரியூசன் வாசலில் மோட்டார் சைக்கிளில் காத்து நிற்கிற, வாள்வெட்டுக் குழுவைச் சேர்ந்த யாரோ ஒரு ‘அண்ணா’விடமிருந்துதான் வரும். அப்படி ஒருவன் புதிதாக முளைத்திருக்கிறானா?

நான் பிழை விட்ட கதையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை தண்ணீர்க் குழாயடியில் வைத்து ஒரு பெடியன் என் காதோடு சொன்னான், இன்னொருவனின் பையில் கத்தி இருக்கிறது என்று. நான் நேரே வகுப்புக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் பையைக் கொட்டினேன். பேப்பரில் சுற்றிய கத்தி விழுந்தது. அலுவலகத்தில் அவனுக்குப் பிரம்படி, நான் பக்கத்தில் நின்றேன். அடுத்த நாளிலிருந்து அவன் பாடசாலைக்கு வரவே இல்லை, அவனுக்கு என்ன நடந்தது என்று நான் தேடிப் போகவும் இல்லை. யார் சொன்னது என்பது இடைவேளைக்குள்ளேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் இரண்டு வருஷம் எந்தப் பிள்ளையும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் நாங்குநேரியில் நடந்தது இதைவிடக் கொடுமை. சாதி சொல்லி வதைத்ததால் பாடசாலைக்குப் போகாமலிருந்த பெடியன், விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். அன்றிரவே கூடப் படித்தவர்கள் வீட்டுக்குள் புகுந்து அவனையும் தங்கச்சியையும் வெட்டினார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளையின் பெயர் உங்கள் வாயிலிருந்து வகுப்புக்குள் போகக் கூடாது. பெடியனோடு தனியாகப் பேசுங்கள், கொப்பியைத் தூக்கிக் காட்டாமல், வீட்டுப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். தன்னையே ஏதாவது செய்துகொள்ள நினைத்தானா என்றும் நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அந்த அமெரிக்க ஆய்வில், தாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஏற்கெனவே சாக நினைத்தவர்கள் அல்லது முயன்றவர்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

அதிபருக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தாயையும் கூப்பிடுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, பயந்துகொண்டு போகிற இடம் இல்லை. 1929 சிறுவர் உதவி இலக்கம். ஆயுதத்தை யாராவது கண்ணால் கண்டிருந்தாலோ நாள் நெருங்கிவிட்டாலோ பொலிசுக்குப் போகத் தயங்க வேண்டாம், படிப்பை அப்புறம் பார்க்கலாம்.

சோதினை எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக்குக் காலையிலேயே அதிபரிடம் போய்விட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.