ஒரே சக்கரத்தில் ஒரு பிரேக் பேட் மட்டும் தேய்வது ஏன்?

கேள்வி: என் காரின் முன்பக்க இடது சக்கரத்தில் உள்பக்கப் பேட் தேய்ந்து 3 மி.மீ.தான் மிச்சம் இருக்கிறது. வெளிப்பக்கப் பேடில் 8 மி.மீ. மிச்சம் இருக்கிறது. வலது சக்கரத்தில் இரண்டுமே 7 மி.மீ. பேட் செட்டை மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். போதுமா?

பதில்: போதாது. 3 மி.மீ. என்றால் பேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேட் மாட்டினால் அதுவும் இதே மாதிரிதான் தேயும். நல்லவேளையாக நான்கு பேடையும் அளந்து எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அந்த அளவுகளிலேயே இருக்கிறது.

பேடுகளைப் பிடித்து அழுத்தும் பாகம்தான் கேலிப்பர். பெரும்பாலான கார்களில் இருப்பது நகரும் வகைக் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டு) அழுத்தும். அதன் எதிர்விசையில் கேலிப்பர் இரண்டு கைடு பின்கள் (வழிகாட்டும் உருளைக் கம்பிகள்) மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அழுத்தும். பின்கள் இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. உள்பக்கப் பேடே முழுப் பாரத்தையும் சுமக்கும்.

உங்கள் இடது வெளிப்பக்கப் பேட், வலது பக்கத்தில் இருப்பதைவிடவும் குறைவாகத் தேய்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? அதாவது அது தன் பங்கு வேலையையே செய்யவில்லை. அதனால் என் முதல் சந்தேகம் கைடு பின் மேல்தான். பிரேக் ஹோஸ் (கேலிப்பருக்கு பிரேக் ஆயில் வரும் குழாய்) உள்ளே அடைத்து ஆயில் திரும்பாமல் நின்றிருந்தால் பொதுவாக இரண்டு பேடுமே சேர்ந்து தேய்ந்திருக்கும்.

சோதிப்பது கடினமில்லை. காரை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கேலிப்பரைக் கழற்றியதும் கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஒவ்வொரு பின்னையும் கையால் உள்ளே வெளியே அசைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முரண்டு பிடித்தால் வெளியே எடுத்துப் பாருங்கள். ரப்பர் பூட் (பின்னை மூடும் உறை) கிழிந்து தண்ணீர் புகுந்து துரு ஏறியிருக்கும், அல்லது பழைய கிரீஸ் கட்டியாகியிருக்கும். லேசான அழுக்கு என்றால் பின்னையும் அது போகும் துளையையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் சரியாகிவிடும். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பரை உப்ப வைத்துவிடும். குழி விழுந்த பின்னை மாற்றுங்கள். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில கார்களில் வேறு வேறு, இடம் மாற்றிப் போடாதீர்கள்.

பின்கள் நன்றாக ஓடுகின்றனவா? அப்புறம் பிஸ்டனைப் பாருங்கள். பழைய பேடை வைத்து சி-கிளாம்பால் மெதுவாக அழுத்தினால் சீராக உள்ளே போக வேண்டும். திக்கித் திக்கிப் போனாலோ, தூசி பூட் கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலோ கேலிப்பரைப் பிரித்துச் சீல் மாற்ற வேண்டும், அல்லது கேலிப்பரையே மாற்ற வேண்டும். (ஹேண்ட் பிரேக் சேர்ந்த பின்பக்கக் கேலிப்பர் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். அதை நேராக அழுத்திக் கெடுத்துவிடாதீர்கள்.)

பலரும் விட்டுவிடுவது, பேடின் இரு முனைகளும் உட்காரும் பிராக்கெட். அங்கே கிளிப்புக்கு அடியில் துரு சேர்ந்தால் பேட் சிக்கிக்கொண்டு டிஸ்க்கை விட்டு விலகாது. கிளிப்பைக் கழற்றி இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். புதுப் பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தவறு இருக்கிறது.

பேடை இரு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்க்கின் தடிமனையும் அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும், காரை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.