புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸ்களை வார்டில் நிலைக்க வைப்பது எப்படி?

பி.எஸ்சி. நர்சிங் முடித்து வரும் பிள்ளைகள் ஓரிரு மாதத்திலேயே வேலையை விட்டுவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களைப் போல வார்டு இன்-சார்ஜ்தான்.

சிஸ்டர், முதலில் உங்கள் டியூட்டி ரோஸ்டரைப் பாருங்கள். நேற்றுச் சேர்ந்த பெண்ணை முழு ஆளாகக் கணக்கில் சேர்த்திருந்தால் பிரச்சினை அங்கேதான். ஆறேழு பேஷன்ட்டை அவள் தலையில் கட்டிவிட்டு "சந்தேகம்னா கேளும்மா" என்றால் யாரைக் கேட்பாள்? பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சீனியருக்கும் அதே பாடுதான். முதல் சில வாரம் ஒரே சீனியர் அக்காவோடு, அதே ஷிப்டில் போடுங்கள். ஆளை மாற்றி மாற்றி விட்டால் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி தப்பு என்பாள். செமினார் ஹாலில் ஒருநாள் நடத்தும் ஓரியண்டேஷன் இதற்கு ஈடாகாது.

"இன்சுலின் கவனமா போடு" என்று சொல்வதில் பயனில்லை. மருந்து வண்டி பக்கத்தில் நிறுத்தி மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயல் (மருந்துக் குப்பி), மில்லிக்கு 100 யூனிட் உள்ள வயல் இரண்டையும் கையில் கொடுங்கள். 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்! அவளையே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறக்காது. ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் ஆபத்தான மருந்துகள் எல்லாம் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான்.

வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போட இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்காவிட்டால் சீனியரைக் கூப்பிட வேண்டும் என்று வார்டுக்கே விதி வையுங்கள். எல்லாருக்கும் விதி என்றால் கூப்பிடக் கூச்சப்பட மாட்டாள். டாக்டருக்கு போன் செய்யுமுன் பெட் நம்பர், பி.பி., பல்ஸ், சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு), காலையிலிருந்து என்ன மாறியது என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளட்டும். அவர் சொல்லும் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகே போனை வைக்க வேண்டும்.

பேஷன்ட் வீட்டார் முன்னால் மட்டும் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவள் அடுத்த தவறை உங்களிடம் சொல்ல மாட்டாள். (நம் தலைமுறை திட்டு வாங்கித்தான் வளர்ந்தது என்பார்கள். எத்தனை பேர் வளராமலே போனார்கள் என்று யார் கணக்கெடுத்தது?)

தனியாக நைட் டியூட்டி போடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆள் பற்றாக்குறை என்று மேனேஜ்மென்ட் முனகும். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைப் பிடித்து வைக்கலாம் என்று நினைக்கிற இடங்களும் உண்டு. மேனேஜ்மென்ட்டிடம் மனிதாபிமானம் பேசிப் பயனில்லை. திரும்பத் திரும்ப ஆள் எடுத்துப் பழக்க ஆகும் செலவைத் தாளில் எழுதி நீட்டுங்கள், காது கொடுப்பார்கள்.