பயிற்சிக்கு வந்த மாணவி திடீரென அமைதியாகிவிட்டால்

உங்களிடம் வேலைப் பயிற்சிக்கு வந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவி இரண்டாவது வாரத்தில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டு நள்ளிரவில் மின்னஞ்சல் அனுப்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை ஆர்வக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் பயம்தான். எல்லார் முன்னாலும் "சந்தேகம் இருக்கா?" என்றால் இல்லை என்றுதான் சொல்வாள்; தனியாக உட்கார்ந்து, "இதுவரை செய்ததைக் காட்டு, எங்கே சிக்குதுன்னு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஒரே நாளில் முடிகிற வேலையாகக் கொடுங்கள், எவ்வளவு செய்தால் போதும் என்பதையும் சொல்லிவிடுங்கள், மதிப்பெண்ணுக்காகவே உழைத்துப் பழகிய பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அப்புறம் தூக்கம்: இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், இரவு வேலை கூடாது என்று நீங்களே சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல ஏதாவது பேசினால் அன்றைக்கே பெற்றோரிடமும் மனநல ஆலோசகரிடமும் சொல்லுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.